நாலு கிலோ பிள்ளைக்கும் எலும்பில் சத்து குறையலாம்

பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை என்று இந்தக் கரையில் எந்த வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போனாலும் முதலில் கேட்பது எடையைத்தான். நாலு கிலோ என்றால் வீடே பூரிக்கும். ஆனால் தாய்க்குச் சர்க்கரை கட்டுப்படாமல் இருந்திருந்தால், அந்த எடையில் கொழுப்பின் பங்கு அதிகம். எலும்பில் தாதுச்சத்து குறைந்திருக்கவும் கூடும்.

தாயின் ரத்தத்திலுள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடி வழியாகத் தாராளமாகக் குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. அதனால் குழந்தையின் கணையமே கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. அது கொழுப்பைச் சேர்த்து உடம்பைப் பெருக்குகிறது.

எலும்புக்கு அது போதாது. புரத இழைகளாலான சட்டத்தில் கால்சியமும் பாஸ்பரசும் படிந்தால்தான் எலும்பு உறுதியாகும். நிறைமாதக் குழந்தையின் உடலில் ஏறக்குறைய 30 கிராம் கால்சியம் இருக்கும். அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில் சேர்வது. சர்க்கரை மிகுந்த சூழலில் எலும்பு கட்டும் செல்கள் மந்தமாகிவிடுகின்றன.

அப்புறம் மெக்னீசியம். பலரும் பேசாத விஷயம் இது. தாயின் சிறுநீரில் சர்க்கரை இறங்கும்போது மெக்னீசியமும் கூடவே வெளியேறுகிறது. குழந்தைக்கும் அது குறைகிறது. கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள்தான் ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் ஹார்மோனைச் சுரந்து ஈடுகட்டுபவை. மெக்னீசியம் போதாவிட்டால் அவை சரியாகச் சுரப்பதில்லை. தொப்புள்கொடியை வெட்டியதுமே தாயிடமிருந்து வந்த கால்சியம் நின்றுபோகிறது. ஆகவே முதல் மூன்று நாட்களில் சில குழந்தைகளுக்குக் கால்சியம் சரிந்து கைகால் நடுங்கும். அரிதாக வலிப்பும் வரும். பிஞ்சுக் குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கிறார்களே என்று பதற வேண்டாம். குழந்தையின் ரத்தத்தில் கால்சியத்தோடு சர்க்கரையும் இறங்குகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

பெரிய பிள்ளைக்குப் பிரசவத்தில் தோள் சிக்கிக் காறை எலும்பு முறிவதுண்டு. பெரும்பாலும் சில வாரங்களில் தானே கூடிவிடும். கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முதல் சில வாரங்களில் அது எகிறினால், மிக அரிதாக முதுகெலும்பின் அடிப்பகுதி உருவாகாமலே போகலாம். கருத்தரிக்கும் முன்பே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரச் சொல்வது இதனால்தான்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் பார்க்க வேண்டும். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. சென்னை நீரிழிவு மருத்துவர் வி. சேஷய்யா வலியுறுத்திய இந்த முறையில் வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. சாயல்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! முதல் பரிசோதனையில் சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்த தாய்மாரின் குழந்தைகளுக்குக் கால்சியம் சரிவது குறைவு.

கருப்பட்டி ஒன்றும் செய்யாது என்று இங்கே அடிக்கடி சொல்வார்கள். ரத்தத்தைப் பொறுத்தவரை அதுவும் சர்க்கரைதான். கீழக்கரைத் தொதல் என்ற இனிப்பும் அப்படியே. நெத்திலியை முள்ளோடு சாப்பிடுங்கள், அதில் நல்ல கால்சியம் இருக்கிறது. சுகாதார நிலையத்தில் தரும் கால்சியம் மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். இரும்பு உடம்பில் சரியாகச் சேராது.