தரவுத்தளம் மாறும்போது எண்ணை யார் கொடுப்பது?

ஆரக்கிள் என்ற தரவுத்தள மென்பொருளிலிருந்து போஸ்ட்கிரெஸ் என்ற மற்றொன்றுக்கு மாறும் திட்டக் கூட்டங்களில் டேட்டா டைப், ஸ்டோர்டு புரொசீஜர், வேகம், லைசென்ஸ் செலவு ஆகியவை வாரக்கணக்கில் பேசப்படுகின்றன. புதிய பதிவுக்கான பிரைமரி கீயை, அதாவது ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் எண்ணை, எந்தத் தரவுத்தளம் கொடுக்கப்போகிறது என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் கட்ஓவருக்கு, அதாவது புதியதற்கு மாறும் நாளுக்கு, முந்தைய வாரத்தில்தான் எழுகிறது. சில இடங்களில் எழுவதே இல்லை. ஒரே இரவில் பழையதை மூடிப் புதியதைத் திறந்துவிடும் சிறிய அமைப்புகளுக்கு இது பெரிய சிக்கலாக இராது. கிளை கிளையாகவோ மாட்யூல் மாட்யூலாகவோ மாறும் அமைப்புகளிலோ சில மாதங்களுக்கு இரண்டு தரவுத்தளங்களும் ஒரே நேரத்தில் புதிய பதிவுகளை ஏற்றுக்கொண்டிருக்கும். ஆபத்து அந்த இடைக்காலத்தில்தான் இருக்கிறது.

ஒரே டேபிளில் ஒரே கீ இரண்டு முறை வந்தால் தரவுத்தளமே தடுத்து எரர் காட்டிவிடும். அது நல்ல காலம். பழைய தரவுத்தளத்தில் 500123 என்ற எண் ஒரு வாடிக்கையாளருக்கும், புதியதில் அதே எண் வேறொருவருக்கும் போய்ச் சேரும்போது எந்த எரரும் வராது, ஏனெனில் தனித்தனியே பார்த்தால் இரண்டும் சரியாகவே நடந்துகொள்கின்றன. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பில், கட்டணம், முகவரி என்று சைல்ட் டேபிள்களில் (அந்த கீயைச் சுட்டி நிற்கும் துணை டேபிள்களில்) பதிவுகள் சேர்ந்துகொண்டே போகும். இரண்டையும் ஒன்றாக்கும் நாளில், எந்தக் கட்டணம் யாருடையது என்று பிரித்துச் சொல்ல அந்த எண்ணைத் தவிர வேறு ஆதாரம் இருக்காது; அந்த எண்ணோ இருவருக்கும் பொதுவாகிவிட்டது.

முதலில் எளிய தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய பதிவுகளை அவற்றின் கீயோடு சேர்த்துப் போஸ்ட்கிரெஸில் ஏற்றும்போது, அந்த டேபிளுக்கு அடுத்த எண்ணைக் கொடுக்கும் கவுன்டரான சீக்வென்ஸ் நகர்வதில்லை. நாற்பது லட்சம் பதிவுகள் உள்ளே வந்த பிறகும் அது 1-இலேயே நிற்கும். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளம் இப்படி நடந்துகொள்வதில்லை. நாமே ஒரு பெரிய எண்ணைக் கொடுத்தால் அதன் கவுன்டர் தானாக அதற்கு மேல் ஏறிவிடும். எஸ்கியூஎல் சர்வரில் தானாக எண் கொடுக்கும் ஐடென்டிட்டி புலமும் அப்படித்தான். ஆகவே அந்த இரண்டில் பழகியவர்கள் போஸ்ட்கிரெஸிலும் அதையே எதிர்பார்க்கிறார்கள். கட்ஓவர் முடிந்த காலையில் முதல் பதிவே டூப்ளிகேட் கீ என்று விழும். அத்துடன் நின்றாலும் பரவாயில்லை. போஸ்ட்கிரெஸில் தோல்வியடைந்த இன்சர்ட்டும் (பதிவைச் சேர்க்கும் முயற்சியும்) சீக்வென்ஸில் ஓர் எண்ணைத் தின்றுவிடுவதால், பயனர் திரும்பத் திரும்ப முயலும்போது எண் ஒவ்வொன்றாக ஏறி, எப்போதோ அழிக்கப்பட்ட பதிவு ஒன்றின் காலியிடத்தில் போய் உட்காரும். இன்சர்ட் வெற்றி பெற்றுவிடும். மூடப்பட்ட ஒரு கணக்கின் எண் புதிய வாடிக்கையாளருக்குக் கிடைத்துவிடும். அதற்குள் ‘தானாகச் சரியாகிவிட்டது’ என்று டிக்கெட்டையும் மூடியிருப்பார்கள்.

இதற்கு மருந்தாகப் பலர் செய்வது, டேபிளில் உள்ள மிகப் பெரிய எண்ணை எடுத்து ஒன்றைக் கூட்டி, சீக்வென்ஸின் மதிப்பை மாற்றும் செட்வால் மூலம் சீக்வென்ஸை அங்கே நிறுத்துவது. இது போதாது. கடைசியாக வந்த சில பதிவுகள் அழிக்கப்பட்டிருந்தால், அந்த எண்கள் டேபிளில் இல்லாவிட்டாலும் ரசீதிலும் எஸ்எம்எஸ்ஸிலும் வெளியே போயிருக்கும். ஆரக்கிளில் சீக்வென்ஸ்களின் விவரம் காட்டும் யூசர் சீக்வென்சஸ் வியூவில் லாஸ்ட் நம்பர் என்று ஒரு புலம் இருக்கிறது. கேஷில், அதாவது நினைவகத்தில், முன்கூட்டியே எடுத்துவைத்த எண்களையும் கணக்கில் சேர்த்து டிஸ்கில் எழுதப்பட்ட மதிப்பு அது. அதற்கு மேலே, தாராளமான இடைவெளி விட்டுத் தொடங்குவதே பாதுகாப்பு. மைஎஸ்கியூஎல் பழைய பதிப்பிலிருந்து வருபவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 8.0 பதிப்புக்கு முன் அதன் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி தன் கவுன்டரை நினைவகத்தில் மட்டுமே வைத்திருந்ததால், சர்வர் ரீஸ்டார்ட் ஆனபோது டேபிளின் மிகப் பெரிய எண்ணிலிருந்து மீண்டும் கணக்கிட்டது. எனவே அழிக்கப்பட்ட பதிவின் எண்ணை அந்தத் தரவுத்தளமே முன்பு மறுபடி கொடுத்திருக்க வாய்ப்பு உண்டு.

இரண்டும் ஒரே நேரத்தில் இயங்கும் காலத்துக்கு நான் முதலில் பரிந்துரைப்பது எண் வரம்பைப் பிரிப்பது. திருவிழா நன்கொடை வசூலிக்கப் போகும் இருவருக்கு 1 முதல் 100 வரை ஒரு ரசீதுப் புத்தகமும், 101 முதல் 200 வரை இன்னொன்றும் கொடுத்தனுப்புவது போன்ற ஏற்பாடுதான் இது. இருவரும் ஒருவரையொருவர் கேட்க வேண்டியதில்லை. பழைய சீக்வென்ஸ் 48 லட்சத்தில் நின்றால் புதியது 1 கோடியிலிருந்து தொடங்கட்டும். பழையதற்கு மேக்ஸ்வேல்யூவாக (உச்ச வரம்பாக) 99,99,999 என்று வைத்துவிட்டால், கணிப்பு தவறினாலும் அது எரர் காட்டி நிற்குமே தவிர எல்லை தாண்டாது. இதில் எனக்குப் பிடித்த இன்னொரு வசதி, எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் அது எங்கே பிறந்தது என்று ஹெல்ப் டெஸ்கில் இருப்பவர்கூடச் சொல்லிவிடலாம்.

வரம்பை உயர்த்தும்போது புலத்தின் அளவையும் பார்க்க வேண்டும். ஆரக்கிளில் 10 இலக்க நம்பர் என்று இருப்பதைப் போஸ்ட்கிரெஸில் இன்டிஜர் என்று மாற்றிவிடுகிறார்கள். 10 இலக்கத்தில் 999 கோடிக்கு மேல் போகலாம். இன்டிஜர் 2,14,74,83,647-இல் நின்றுவிடும். அங்கே தேவை, அதைவிடப் பெரிய எண்களை ஏற்கும் பிக்இன்ட். இந்த எல்லையில் முட்டித்தான் 2018 நவம்பரில் பேஸ்கேம்ப் என்ற திட்ட மேலாண்மைச் சேவை, படிக்க மட்டுமே முடியும் என்ற நிலையில் பல மணி நேரம் நின்றது.

ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரிப்பது இன்னொரு வழி. மைஎஸ்கியூஎல்லில் தானாக எண் கொடுக்கும் ஆட்டோ இன்கிரிமென்ட்டின் தாவலையும் தொடக்கத்தையும் தனித்தனியே அமைக்க இடமுண்டு. ஃபிளிக்கர் என்ற புகைப்படத் தளம் இப்படி இரண்டு சர்வர்களை வைத்து, ஒன்றிலிருந்து ஒற்றைப்படை எண்களையும் மற்றொன்றிலிருந்து இரட்டைப்படை எண்களையும் பெற்றதை 2010-இல் பொதுவெளியில் விளக்கியது. நல்ல வழிதான். ஆனால் நடுவில் யாராவது நல்லெண்ணத்தோடு செட்வால் ஓட்டி ஒற்றையை இரட்டையாக்கிவிட்டால் அதன் பிறகு வரும் ஒவ்வோர் எண்ணும் தவறான பக்கத்தில் விழும், பார்த்தாலும் தெரியாது. மூன்றாவதாக ஒரு தரவுத்தளம் வந்து சேர்ந்தாலும் இடமில்லை. இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் தாவலை 2 என்று வைக்காமல் 10 என்று வைத்துக்கொள்வது நல்லது. பிக்இன்ட்டில் எண்களுக்குப் பஞ்சமில்லை.

உண்மையில் அதிகச் சேதம் நிகழ்வது திரும்பிப் போகும் வழியில். புதியது சரிப்படாவிட்டால் பழையதற்கே திரும்ப வேண்டும் என்பதற்காக, கட்ஓவருக்குப் பின் புதிய பதிவுகளை எதிர்த்திசையில் பழைய ஆரக்கிளுக்கு அனுப்பிக்கொண்டிருப்பது வழக்கம். ஐடென்டிட்டி புலம் ஆரக்கிளில் 12சி பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட அமைப்புகளில் பெரும்பாலான டேபிள்களில் ஒரு பிஃபோர் இன்சர்ட் டிரிக்கர் (பதிவு சேரும் முன் தானாக ஓடும் நிரல்) சீக்வென்ஸிலிருந்து எண் எடுத்து கீயில் நிரப்பும். கீ காலியாக இருந்தால் மட்டும் நிரப்பு என்ற நிபந்தனை அந்த டிரிக்கரில் இல்லாவிட்டால், போஸ்ட்கிரெஸிலிருந்து 1,00,00,057 என்ற எண்ணோடு வரும் பதிவின் கீயை அழித்துவிட்டு 48,00,312 என்று வேறோர் எண்ணை அது எழுதும். அடுத்து வரும் சைல்ட் பதிவுகள் பழைய எண்ணைத் தேடிக் காணாமல் தோல்வியடையும்; சைல்ட் பதிவு சுட்டும் கீ உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கும் ஃபாரின் கீ கட்டுப்பாட்டை வேகத்துக்காக நிறுத்தி வைத்திருந்தால் அனாதையாக உள்ளே போய்விடும். திரும்பிப் போக வேண்டிய நாள் வரும்வரை இது யார் கண்ணிலும் படாது. ஆகவே ஒவ்வொரு டிரிக்கரையும் திறந்து படிக்க வேண்டும், அல்லது பதிவுகளை நகலெடுத்து அனுப்பும் ரெப்ளிகேஷன் கருவி டிரிக்கரைத் தவிர்த்துவிட்டு எழுதுகிறதா என்று சோதிக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் பக்கத்தில் செஷன் ரெப்ளிகேஷன் ரோல் என்ற அமைப்பை ரெப்ளிகா என்று வைத்தால் சாதாரண டிரிக்கர்கள் ஓடாது. அதே அமைப்பு ஃபாரின் கீ சோதனையையும் நிறுத்திவிடும் என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும்.

எதிர்த்திசையில் பதிவுகள் வரும் காலத்தில் பழைய டேபிளின் மிகப் பெரிய எண் ஒரு கோடியைத் தாண்டியிருக்கும். அதைப் பார்த்து யாராவது பழைய சீக்வென்ஸைச் ‘சரிசெய்து’ அதற்கு மேல் ஏற்றிவிட்டால் பிரித்த வரம்பு பாழாகிவிடும். சீக்வென்ஸையே நம்பாமல், மிகப் பெரிய எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளும் வரி நிரலுக்குள் எங்காவது ஒளிந்திருந்தால் அதே விபத்து மனிதத் தலையீடு இல்லாமலே நடக்கும். பழைய பில்லிங் மென்பொருள்களில் இந்த வரி இல்லாததைக் காண்பதுதான் அபூர்வம். மைக்ரேஷன் தொடங்கும் முன் நிரல் முழுவதையும் தேடி அதை அகற்றியாக வேண்டும்.

மைய கவுன்டர் இல்லாமலே தனித்துவமாக அமையும் 128 பிட் அடையாளமான யூயூஐடிக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. நான்காம் வகை யூயூஐடியில் 122 பிட்கள் தற்செயலானவை. மோதலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கவலை வேறு இடங்களில் இருக்கிறது. ஆரக்கிளில் இத்தகைய அடையாளத்தை உருவாக்கும் சிஸ் கைட், 16 பைட் ரா (பைனரி) மதிப்பாக, கோடுகள் இல்லாமல் பெரிய எழுத்தில் காட்டப்படும். போஸ்ட்கிரெஸ் கோடுகளோடு சிறிய எழுத்தில் காட்டும். ஸ்ட்ரிங்காக ஒப்பிடும் நிரலுக்கு இரண்டும் வேறு வேறு. எஸ்கியூஎல் சர்வரோ முதல் மூன்று பகுதிகளின் பைட்களைத் தலைகீழ் வரிசையில் சேமிப்பதால், பைனரியாக அப்படியே நகலெடுத்தால் மறுபக்கத்தில் வேறொரு கீ முளைக்கும். தற்செயல் கீகள் இன்னோடிபியின் இன்டெக்ஸில் கண்ட இடத்தில் விழுந்து பக்கங்களைப் பிளந்து எழுதுவதை மெதுவாக்குவதும் தெரிந்ததே. 2024 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 9562 என்ற இணையத் தர ஆவணம் தரப்படுத்திய ஏழாம் வகை, முதல் 48 பிட்களில் மில்லிசெகண்ட் நேரத்தை வைப்பதால் அந்தக் குறையை நீக்குகிறது. ஆனால் அந்த கீ வெளியே தெரிந்தால் பதிவு உருவான நேரமும் தெரிந்துவிடும்; மருத்துவப் பதிவுகளில் இது யோசிக்க வேண்டிய விஷயம்.

மைஎஸ்கியூஎல்லிலிருந்து, பல சர்வர்களில் பரவி இயங்கும் கசாண்ட்ரா தரவுத்தளத்துக்கு நகர முற்பட்டபோது ட்விட்டர் சந்தித்ததும் இதே கேள்விதான், ஏனெனில் கசாண்ட்ராவில் தொடர் எண் கொடுக்கும் வசதி இல்லை. 2010-இல் அவர்கள் உருவாக்கிய ஸ்னோஃபிளேக் என்ற எண் கொடுக்கும் முறை, 64 பிட்டுக்குள் 41 பிட் நேரம், 10 பிட் இயந்திர எண், 12 பிட் வரிசை எண் என்று அடுக்கியது. இதைப் பின்பற்றுபவர்கள் பழைய, புதிய அமைப்புகளுக்கு வெவ்வேறு இயந்திர எண்கள் கிடைப்பதை உறுதிசெய்ய வேண்டும். ஒரே அச்சில் பல நகல்களாக ஓடும் கன்டெய்னர்களில் எல்லாவற்றுக்கும் ஒரே எண் போய்விடுவது சாதாரணமாக நடக்கிறது. சர்வரின் கடிகாரம் பின்னோக்கித் திருத்தப்பட்டாலும் எண் மீண்டும் வரலாம். ஜாவாஸ்கிரிப்ட் 53 பிட்டுக்கு மேற்பட்ட முழு எண்களைத் துல்லியமாகக் காக்காது என்பதால், பிரவுசருக்கு அனுப்பும்போது ஸ்ட்ரிங்காகவே அனுப்ப வேண்டும்.

கணக்காளர்கள் எழுப்பும் ஓர் ஆட்சேபம் உண்டு: எண்ணில் இடைவெளி வரக்கூடாதே? பிரைமரி கீயில் இடைவெளி வரத்தான் செய்யும். ஆரக்கிள் சீக்வென்ஸ் இயல்பாகவே இருபது எண்களைக் கேஷில் எடுத்துவைக்கிறது. செய்த மாற்றம் ரோல்பேக் ஆகி ரத்தானாலும் எடுத்த எண் திரும்புவதில்லை. தொடர்ச்சி தேவைப்படுவது இன்வாய்ஸ் எண்ணுக்கு. இந்தியாவின் சிஜிஎஸ்டி (மத்திய சரக்கு, சேவை வரி) விதி 46, இன்வாய்ஸ் எண் 16 எழுத்துகளுக்குள், தொடர்ச்சியாக, ஒரு நிதியாண்டுக்குள் தனித்துவமாக இருக்க வேண்டும் என்கிறது; ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்கள் வைத்துக்கொள்ளவும் அனுமதிக்கிறது. ஆகவே இடைக்காலத்தில் பழைய அமைப்புக்கு ஒரு முன்னொட்டு, புதியதற்கு வேறொரு முன்னொட்டு என்று இரண்டு தொடர்கள் நடத்தலாம். கீயையும் இன்வாய்ஸ் எண்ணையும் ஒரே புலத்தில் வைத்திருப்பவர்கள், மைக்ரேஷனுக்கு முன்பே அவற்றைப் பிரித்துவிட வேண்டும்.

ஏற்கெனவே தனித்தனியே வளர்ந்த இரண்டு அமைப்புகளை ஒன்றாக்கும்போது மோதல் வந்தே தீரும். அங்கே புதிய கீ கொடுத்து, மூல அமைப்பின் பெயர், பழைய எண், புதிய எண் ஆகிய மூன்றையும் ஒரு மேப்பிங் டேபிளில் வைப்பதே வழி. முதல் இரண்டும் சேர்ந்த ஜோடி மறுபடி வராமல் தடுக்கும் யூனிக் கட்டுப்பாடு இருந்தால், ஏற்றும் வேலை பாதியில் நின்று மறுபடி ஓடினாலும் அதே பதிவுக்கு இரண்டாவது எண் பிறக்காது. திட்டம் முடிந்ததும் அந்த டேபிளை இடம் அடைப்பதாகச் சொல்லி அழிக்கக் கேட்பார்கள், மறுத்துவிடுங்கள். பழைய எண் அச்சிட்ட ரசீதோடு வாடிக்கையாளர் வந்து நிற்பது அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் நடக்கும், கவுன்டரில் இருப்பவருக்கு அந்த எண்ணைத் தேடிக் கொடுக்க வேறு வழி இருக்காது.