பிரேக் கிராப்: கோதுமைக்கு நடுவே வரும் ஆளி

வேளாண்மைக் கட்டுரைகளைத் தமிழில் எழுதுகிறவர்களைத் தடுமாற வைக்கும் சொல் பிரேக் கிராப் (break crop), அதாவது ஆண்டுதோறும் போடும் தானியத்துக்கு நடுவே ஓர் ஆண்டு மட்டும் போடும் வேறு பயிர். 'முறிவுப் பயிர்', 'இடைவேளைப் பயிர்' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. 'ஊடுபயிர்' என்று போடுவது அதைவிடத் தவறு. ஊடுபயிர் என்றால் ஒரே வயலில் ஒரே சமயத்தில் இன்னொரு பயிரோடு வளர்வது. பிரேக் கிராப் அப்படி இல்லை, ஒரு பருவம் முழுக்க அந்த வயல் அதற்கு மட்டும்தான்.

இந்தச் சொல் புழங்குவது இங்கிலாந்து மாதிரி தானியத்தை ஆண்டுக்கு ஆண்டு விதைக்கும் இடங்களில். கோதுமைக்குப் பின் கோதுமை என்று போட்டுக்கொண்டே போனால் மண்ணிலும் அறுத்த கட்டையிலும் தங்கியிருக்கும் டேக் ஆல் என்ற பூஞ்சை அடுத்த பயிரின் வேரைப் பிடிக்கும், வேர் கறுத்து அழுகும், கதிர் மணி பிடிக்காமல் வெளுத்து நிற்கும். அந்தப் பூஞ்சைக்குத் தீனியாகாத ஒரு பயிரை ஓர் ஆண்டு நடுவில் போட்டால் பூஞ்சை பட்டினி கிடந்து ஒடுங்கிவிடும். அந்தத் தொடர்ச்சியை அறுப்பதுதான் இங்கே 'பிரேக்'. அங்குள்ள விவசாயிகள் 'முதல் கோதுமை', 'இரண்டாம் கோதுமை' என்று பிரித்தே பேசுவார்கள். பிரேக் கிராப்புக்கு அடுத்து வருவது முதல் கோதுமை, விளைச்சல் நன்றாக இருப்பதும் அதில்தான்.

சரி, நடுவில் எதைப் போடுவது? அவரை, பட்டாணி, ரேப்சீட் என்ற எண்ணெய் வித்து எல்லாம் உண்டு. பல காலம் ரேப்சீட்டுக்குத்தான் மவுசு. ஆனால் அது கடுகுக் குடும்பம், அதன் நாற்றைத் தின்னும் தெள்ளு வண்டு பெருகிவிட்டது. 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் நியோநிகோட்டினாய்டு என்ற பூச்சிக்கொல்லியால் விதை நேர்த்தி செய்வதற்குத் தடை போட்ட பிறகு அந்த வண்டைச் சமாளிப்பது கடினமாகிப்போனதால், பலர் லின்சீட் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். லின்சீட் என்பது நம் ஆளிவிதைதான்.

வசந்த கால ஆளியை மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, மண்ணில் குளிர் விட்ட பிறகு விதைப்பார்கள். இந்தத் தாமதமே ஒரு லாபம்: கோதுமை வயலைப் பாழாக்கும் பிளாக் கிராஸ் என்ற புல் பெரும்பாலும் இலையுதிர் காலத்திலேயே முளைத்துவிடும், விதைப்புக்கு முன்னாலேயே அதை அழித்துவிடலாம். ஆளி நாற்றுக்கும் தனியாக ஒரு தெள்ளு வண்டு உண்டு என்பதால் முளைத்த முதல் சில வாரம் வயலைக் கவனிக்காமல் விட முடியாது. உரம் அதிகம் கேட்காது. தழைச்சத்தை அள்ளிப் போட்டால் தண்டு உயர்ந்து சாய்ந்துவிடும். ஜூன், ஜூலையில் நீலப் பூ. காலையில் வயல் முழுக்க நீலமாக இருக்கும், நண்பகல் தாண்டினால் இதழ் உதிர்ந்து பச்சையாகிவிடும்.

அறுவடையில்தான் ஆளி ஆளைச் சோதிக்கும். லினன் நூல் கிடைப்பதும் இதே இனத்துச் செடியிலிருந்துதான், தண்டு முழுக்க நார். ஈரம் இருந்தால் வெட்டுப்படாது, அறுவடை இயந்திரத்தின் சுழலும் பாகங்களில் சுற்றிக்கொள்ளும், ஓட்டுநர் இறங்கிக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டியிருக்கும். அதனால் வெட்டும் தகடுகளைப் புதிதாக மாற்றிக்கொண்டு, வெயில் ஏறிப் பயிர் நன்றாகக் காய்ந்த பிறகே இறங்குவார்கள். காயைக் கையில் எடுத்துக் குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும். ஒரு காயில் அதிகபட்சம் பத்து விதை, தட்டையாக, பழுப்பாக, வழவழவென்று இருக்கும். டிரெய்லரில் ஊசி நுழையும் ஓட்டை இருந்தாலும் தண்ணீர் மாதிரி ஒழுகிவிடும் என்று முன்கூட்டியே சந்துகளை டேப் போட்டு அடைப்பார்கள். ஹெக்டேருக்கு 2 டன் வந்தால் நல்ல விளைச்சல். கோதுமை 8 டன் தரும் நாட்டில் இது குறைவுதான், ஆனால் அடுத்த ஆண்டுக் கோதுமையையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? 'மாற்றுப் பயிர்' என்பது நெல்லை விட்டுச் சிறுதானியத்துக்கு மாறுவது போன்ற நிரந்தர மாற்றத்துக்குப் பழகிப்போன சொல். 'சுழற்சிப் பயிர்' என்றால் சுழற்சியில் வரும் கோதுமையும் அதில் அடங்கிவிடும். 'இடைமாற்றுப் பயிர்' என்பதே என் தேர்வு. நடுவில் வருகிறது, மாற்றாக வருகிறது, மறுபடி பழைய பயிருக்கு வழி விடுகிறது என்ற மூன்றும் அதில் கேட்கிறது. காவிரிப் படுகையில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு நெல்லுக்குள் உளுந்து, பயறு தெளிக்கிறோமே, அது இதற்கு நெருங்கிய உறவு, ஆனால் அது நெல்லின் இடத்தை எடுப்பதில்லை, மிஞ்சிய ஈரத்தில் வருகிறது. சத்தீஸ்கரில் ஆளியையே இப்படி நிற்கும் நெல்லில் தெளிப்பார்கள், அங்கே அதற்கு உதேரா என்று பெயர்.

லின்சீட் என்ற சொல்லில் இருக்கும் 'லின்' லத்தீன் லினும், அதாவது ஆளிச் செடி. லினன் துணி, லினோலியம் தரைவிரிப்பு எல்லாம் அதே வேர். 1753இல் லின்னேயஸ் இதற்கு வைத்த லினும் உசிட்டாட்டிசிமும் என்ற பெயருக்கு 'மிக மிகப் பயன்படுவது' என்று பொருள். கிரிக்கெட் மட்டைக்குப் பூசும் லின்சீட் எண்ணெயும் கடையில் ஃபிளாக்ஸ் சீட்ஸ் என்று விற்கும் விதையும் ஒரே செடியினுடையவை என்பதால் ஆளி எண்ணெய், ஆளிவிதை என்றே எழுதலாம். இலங்கையில் ஆளி என்றால் மின்சார சுவிட்ச், ஆகவே அங்குள்ளவர்களுக்கு எழுதும்போது 'விதை'யையும் சேர்த்துவிடுங்கள். 'ஆழி விதை' என்று சில பாக்கெட்டுகளில் இருப்பது பிழை. ஆழி என்றால் கடல், சக்கரம்.