சத்தம் வராத குழி

பாறைக்கு வெடி வைக்கும் இந்தத் தொழிலுக்கு நான் வந்தது கிணற்று வேலை வழியாகத்தான். நாமக்கல் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணறு, அறுபது அடிக்குக் கீழே முழுக்கப் பாறை. பாறையில் 12 குழி போட்டு, வெடிமருந்துத் தோட்டா இறக்கி, திரியைப் பற்றவைத்துவிட்டு மேலே ஏறிவந்தோம். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி வேப்பமரத்தடியில் நின்று விரலை மடக்கி மடக்கி எண்ணினார். 11 சத்தம்தான் வந்தது.

தோட்டக்காரருக்கு அவசரம். "ஏனுங்க மேஸ்திரி, புகைகூட அடங்கிப்போச்சுங்க. கிரேன்காரனுக்கு வாடகை ஏறிட்டே இருக்குது. ஆளை இறக்கலாமில்லீங்க?"

"ஒன்னு குறையுதுங்க."

"ரெண்டு ஒன்னா வெடிச்சிருக்குமுங்க."

"இருக்கலாமுங்க. இல்லாமலும் இருக்கலாமுங்க."

அவ்வளவுதான் பேச்சு. மேஸ்திரி கிணற்றுப் பக்கம் யாரையும் விடாமல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் அவர் மட்டும் இறங்கி ஒவ்வொரு குழியாகப் பார்த்தார். 12 குழியும் வெடித்திருந்தது. தோட்டக்காரர் சொன்னதுதான் சரி, இரண்டு ஒன்றாகவே வெடித்திருக்கின்றன. எனக்கு அப்போது 19 வயது. முக்கால் மணி நேரம் வீணாகிவிட்டது என்று எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது.

இப்போது கல்குவாரியில் பிளாஸ்டராக, அதாவது வெடி வைப்பவனாக இருக்கிறேன். வெடி என்றால் ஊரில் எல்லோரும் சத்தத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். எங்களுக்குச் சத்தம் வந்துவிட்டால் நிம்மதி. வெடிமருந்து தன் வேலையை முடித்துவிட்டது என்று அர்த்தம். வெடிக்காமல் நின்றுபோன குழிதான் எங்கள் தூக்கத்தைக் கெடுக்கும்.

ஒரு குழி ஏன் வெடிக்காமல் போகிறது? திரி ஈரமாகியிருக்கலாம். கேப்பு என்பது மருந்தை வெடிக்கவைக்கும் சின்னக் குழல்; அது கரண்டில் வெடிக்கும் எலக்ட்ரிக் கேப்பாக இருந்தால் எங்கோ ஒரு வயர் முடிச்சு விட்டுப்போயிருக்கலாம், தண்ணீர் நிற்கும் குழியில் கரண்ட் கசிந்திருக்கலாம். பல குழிகளை நொடிப்பொழுது இடைவெளியில் அடுத்தடுத்து வெடிக்கவிடும்போது, முதலில் வெடித்த குழி பாறையை நகர்த்தி, பக்கத்துக் குழியின் இணைப்பை அறுத்துவிடுவதும் உண்டு. அந்த மாதிரி வெடியில் சத்தம் எல்லாம் ஒரே இடியாகத்தான் கேட்கும், விரல் மடக்கி எண்ண முடியாது. கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கல் குவியலுக்கு நடுவே வயரோ பிளாஸ்டிக் குழாயோ நீட்டிக்கொண்டிருக்கும். சுற்றிலும் நொறுங்கிக் கிடக்க, ஓர் இடத்தில் மட்டும் பாறை அசையாமல் நிற்கும். இப்படி எதைப் பார்த்தாலும் பொக்லைன் ஓட்டுபவர் வண்டியை நிறுத்தி இறங்கிவிட வேண்டும். வயரை இழுக்கக் கூடாது. குழியைக் கிளறி மருந்தை எடுக்கப் பார்க்கக் கூடாது. சர்டிபிகேட் உள்ள பிளாஸ்டர் வரும்வரை அந்த இடத்துக்கு யாரும் போகக் கூடாது. திரி வைத்த வெடியில் எண்ணிக்கை குறைந்தால், அரை மணி நேரத்துக்கு முன்னால் யாரும் கிட்டே போகவே கூடாது. நனைந்த திரி உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருந்து, எல்லோரும் மறந்த நேரத்தில் வெடிக்கும்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. வெடித்த குழிதான் என்று நாம் நம்பும் குழி அது. வெடி முடிந்த பாறையில் குழியின் அடிப்பகுதி ஒரு சாண், ஒன்றரைச் சாண் ஆழத்துக்கு அப்படியே மிஞ்சி நிற்கும். சாக்கெட் என்று சொல்வோம். வெடிக்காத மருந்தோ கேப்போ அதன் அடியில் தங்கியிருக்கலாம். மேலே தூசி மூடிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. பாறையில் குழி போடும் ஜாக்ஹேமர் மெஷினை அடிப்பவருக்கோ புதுக் குழி தொடங்குவதுதான் பெரும்பாடு. வழுக்குப் பாறையில் கம்பி நிற்காமல் அலையும், கை கடுக்கும். பழைய சாக்கெட்டில் வைத்தால் கம்பி சமர்த்தாக நிற்கும். அதனால் அங்கேயே வைக்கத் தோன்றும்.

நான் குவாரிக்கு வந்த புதிதில், நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அதுதான் நடந்தது. தர்மபுரிப் பக்கத்து அண்ணன் ஒருவர், பதினைந்து வருஷம் குழி போட்ட கை. முந்தின நாள் வெடி வைத்தவர் லீவில் போயிருந்தார். என்ன வெடித்தது, என்ன வெடிக்கவில்லை என்று ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. காலை ஏழரை மணிக்கு அண்ணன் கம்பியைச் சாக்கெட்டில் வைத்து அழுத்தினார். நான் நாற்பதடி தள்ளி நின்றிருந்தேன். பெரிய சத்தம்கூட இல்லை, பலகையை ஓங்கி அடித்த மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் முகத்தில் இரண்டு கையையும் பொத்திக்கொண்டு, "தம்பி, கண்ணத் தொறக்க முடியல தம்பி" என்கிறார். விரல் இடுக்கெல்லாம் கல்தூளும் ரத்தமும். ஒரு கண் போய்விட்டது. இடது கையில் இரண்டு விரல் இல்லை. நாமக்கல் கிணற்றடியில் மேஸ்திரி உட்கார்ந்திருந்த அந்த முக்கால் மணி நேரம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

சரி, கிணற்றுக்கு வருகிறேன். கிணறு வெட்டும் விவசாயிகளுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். வெடி வைத்த கிணற்றில் அடியில் கார்பன் மோனாக்சைடு தங்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகை கலைந்துவிட்டது என்பதால் அது போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. திறந்தவெளிக் குவாரியில் காற்று அடித்துக்கொண்டு போய்விடும், எண்பது அடிக் கிணற்றில் எங்கே போகும்? விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கி, அணையாவிட்டால் ஆள் இறங்கலாம் என்று பல ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. விளக்கு எரிந்தால் அங்கே ஆக்சிஜன் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். ஆளை மயக்கிப் போடும் அளவுக்குக் கார்பன் மோனாக்சைடு இருந்தாலும் விளக்கு பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். ஜாக்ஹேமருக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸர் வண்டி எப்படியும் அங்கே நிற்கிறது. அதன் காற்றுக் குழாயை அடிவரை இறக்கி, நன்றாக நேரம் கொடுத்துக் காற்றை அடித்துவிடுங்கள். வாயு அளக்கும் சின்ன மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. இறங்குகிறவர் இடுப்பில் கயிறு இருக்கட்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், அவரைத் தூக்க இன்னொருவர் அப்படியே குதிக்கக் கூடாது. அண்ணனைக் காப்பாற்ற இறங்கிய தம்பியும் சேர்ந்து போன கதைகளைக் கிணற்று வேலைக்காரர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள்.

அப்புறம் குழந்தைகள். கேப்பு எப்படி இருக்கும் என்று குவாரிப் பக்கத்து ஊர்களில் பல பெற்றோருக்கே தெரியாது. சுண்டு விரலைவிட மெல்லிய அலுமினியக் குழல், ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனையில் இரண்டு வயரோ நிறமான பிளாஸ்டிக் குழாயோ தொங்கும். பார்த்தால் பேனா மூடி மாதிரி, விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். வயரில் இருக்கும் கம்பிக்காக உரிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், கல்லால் தட்டிப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அதற்குள் இருக்கும் மருந்து அடியைத் தாங்காது, சூட்டைத் தாங்காது, மிகச் சிறிய மின்சாரத்தையும் தாங்காது. பார்த்தால் தொடாதே, அந்த இடத்தில் ஓர் அடையாளம் வைத்துவிட்டுப் பெரியவர்களிடம் சொல் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். பெரியவர்கள் போலீசுக்குச் சொல்லுங்கள். வீட்டுக்கு எடுத்துவந்து பரணில் வைக்க வேண்டாம். பழைய இரும்புக் கடைக்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும். எலக்ட்ரிக் கேப்புகளுக்கு 2025 ஏப்ரல் முதல் தடை என்று மத்திய அரசு அறிவித்தது. நல்ல முடிவுதான். ஆனால் அதற்கு முன்னால் சிதறிப்போனவை இன்னும் எங்கெங்கோ கிடக்கும்.

பேப்பரில் இன்றைக்கும் "ஜெலட்டின் குச்சி" என்றே எழுதுகிறார்கள். நைட்ரோகிளிசரின் கலந்த அந்தப் பழைய மருந்து 2004 ஏப்ரலோடு நம் நாட்டில் நின்றுவிட்டது. தொட்டாலே தலை வலிக்கும் என்று மேஸ்திரி சொல்வார், அது நிஜம்தான். இப்போது வருவது ஸ்லரி, எமல்ஷன் என்ற தண்ணீர் கலந்த மருந்து வகைகள். பழையதைவிட அடியை, உராய்வைத் தாங்கும். அதனாலேயே ஓர் அலட்சியமும் வந்துவிட்டது. 2024 மே 1-ஆம் தேதி விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி அருகே ஆவியூரில், குவாரிக்கு வந்த வெடிமருந்தைக் கையாளும்போது வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். குழியில் வைத்த வெடி இல்லை அது. கேப்பும் மருந்தும் ஒரே வண்டியில் ஒன்றாகக் கிடப்பதையோ ஒரே அறையில் இருப்பதையோ எங்கே பார்த்தாலும் எனக்கு அடிவயிறு கலங்கும்.

கல் பறப்பதைப் பற்றி ஊர்க்காரர்கள் நிறையக் கேட்பார்கள். குழியின் வாயை ஜல்லித் தூளால் சரியாகக் கெட்டிக்காவிட்டால், அல்லது பாறைக்குள் மண் ஓட்டம் இருந்தால், அந்த வழியாகத்தான் கல் பீறிக்கொண்டு வரும். தமிழ்நாட்டு விதிப்படி குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை தரக் கூடாது. ஆனால் வெடிக்கும் நேரத்தில் நாங்கள் ஆளை விலக்குவது 500 மீட்டருக்கு. அந்த வித்தியாசத்துக்குள் இருக்கும் வீடுகளுக்கு வெடி நேரத்தைச் சொல்லி அனுப்புவதும், சைரன் அடித்தால் உள்ளே போய்விடச் சொல்வதும் குவாரியின் கடமை. சொல்லாவிட்டால் போய்க் கேளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

கிணற்று வேலைக்கு ஆள் பிடிக்கும்போது ஆயிரம் இரண்டாயிரம் குறைவாகக் கேட்கிறார் என்பதற்காக லைசென்ஸ் இல்லாதவரிடம் போகாதீர்கள். வெடிபொருள் துறை தரும் ஷாட் ஃபயரர் பெர்மிட்டோ, சுரங்கப் பாதுகாப்புத் துறை தரும் பிளாஸ்டர் சர்டிபிகேட்டோ காட்டச் சொல்லுங்கள். முறையான ஆள் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். மருந்து எங்கே வாங்கினார், மிச்சத்தை எங்கே கொண்டுபோகிறார் என்றும் கேளுங்கள். "மிச்சம் உங்க மோட்டார் ரூம்லயே இருக்கட்டுங்க, நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்" என்றால் அவர் வேண்டாம்.

இப்போது என் குவாரியில் காலையில் முதல் வேலை, சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு பாறையில் நடப்பதுதான். ஒவ்வொரு சாக்கெட்டையும் ஊதிச் சுத்தம் செய்யாமல், குச்சி விடாமல், கண்ணால் மட்டும் பார்த்து, சுற்றி வட்டம் போட்டு, மரக்கட்டையை வாயில் செருகிவைப்பேன். எத்தனை வட்டம் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகும். போன வாரம் 9 வட்டம் போட்டு எழுதிவிட்டேன். ஒடிசாவிலிருந்து வந்திருக்கும் சின்னப் பையன், தமிழ் இப்போதுதான் பழகுகிறான், ஜாக்ஹேமரைத் தூக்கிக்கொண்டு வந்தவன் அப்படியே கீழே வைத்தான். காலால்கூடத் தொடாமல் கையை நீட்டி, "சார், இங்க ஒன்னு" என்றான். தூசிக்கு அடியில் ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு கறுப்பு. நான் மண்டிபோட்டு வட்டம் போட்டேன். நோட்டில் 9-ஐ அடித்து 10 என்று எழுதி, பக்கத்தில் அவன் பெயரையும் எழுதினேன்.