வெப்பம் எங்கும் உண்டு, விரிசலைத்தான் உண்டாக்க வேண்டும்

கடினப் பாறைப் பகுதிகளில் நிலத்தடி நீரைத் தேடித் துளையிடும் பணியில் நெடுங்காலமாக இருக்கும் நான், ஒரே தோட்டத்தில் நூறடி இடைவெளியில் போட்ட இரண்டு ஆழ்துளைக் கிணறுகளுள் ஒன்றில் நீர் பொங்குவதையும், மற்றொன்றில் புழுதி மட்டுமே பறப்பதையும் பலமுறை கண்டிருக்கிறேன். பாறையின் விரிசல் எந்தக் கிணற்றைத் தொடுகிறது என்பதைப் பொறுத்தே இந்த வேறுபாடு அமைகிறது. ஆழத்துப் பாறையின் வெப்பத்தைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் மேம்படுத்தப்பட்ட புவிவெப்ப முறையில் அந்த விரிசலையும் நாமே உண்டாக்க வேண்டும்.

பூமிக்குள் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் கூடுகிறது. கலிபோர்னியாவின் கெய்சர்ஸ் பகுதியில் இயற்கை நீராவியே கிடைப்பதால், 1960 முதல் அங்கே மின்சாரம் எடுக்கிறார்கள். பிற இடங்களில் பெரும்பாலும் ஆழத்தில் இருப்பது சூடான வறண்ட பாறை மட்டுமே. அதில் ஒரு கிணற்றின் வழியே அழுத்தத்துடன் நீரைச் செலுத்தி, விரிசல்களைத் திறந்து, சூடேறிய நீரை மற்றொரு கிணற்றின் வழியே மேலே கொண்டுவர வேண்டும். நியூ மெக்சிகோவின் ஃபென்டன் ஹில்லில் 1970களிலேயே தொடங்கிய இந்த முயற்சி, 2023இல் நெவாடாவில் ஃபெர்வோ நிறுவனம் பக்கவாட்டில் துளைத்த இரண்டு கிணறுகளைக் கொண்டு சுமார் 3.5 மெகாவாட் திறனை எட்டியபோதுதான் வணிக நம்பிக்கையைப் பெற்றது. 2035க்குள் இதன் செலவை 90 விழுக்காடு குறைப்பதென்று அமெரிக்க எரிசக்தித் துறை 2022இல் இலக்கு வகுத்தது.

நாட்டின் எரிசக்தித் திட்டமாக இது வளர வேண்டும் என்பதே என் விருப்பமும். ஆயினும், தென்கொரியாவின் போஹாங் நகரில் நடந்ததை மறந்துவிட்டு இதைப் பரப்புவதை என்னால் ஏற்க இயலாது. அங்கே நான்கு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் செலுத்தப்பட்ட நீர், முன்கூட்டி அறியப்படாத ஒரு பிளவைத் தூண்டிவிட்டது. 2017 ஏப்ரலில் ரிக்டர் 3ஐத் தாண்டிய அதிர்வு ஏற்பட்டது. அதன் பின்னரும் நீர் செலுத்துதல் தொடர்ந்தது. நவம்பர் 15 அன்று 5.4 அளவிலான நிலநடுக்கம் தாக்கி, நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். நீர் செலுத்திய பணியே நிலநடுக்கத்துக்குக் காரணம் என்று அரசு நியமித்த குழு 2019 மார்ச்சில் அறிவித்தது. சுவிட்சர்லாந்தின் பாசலில் 2006இல் 3.4 அளவிலான அதிர்வுக்கே இத்தகைய பணியை நிறுத்திவைத்து, பின்னர் திட்டத்தையே கைவிட்டார்கள்.

எனவே நில அதிர்வுப் பதிவுகள் உடனுக்குடன் பொதுவில் வைக்கப்பட வேண்டும். பம்பை நிறுத்தச் சொல்லும் அதிகாரம், கெடுவுக்குள் வேலையை முடிக்கக் கட்டுப்பட்ட ஒப்பந்ததாரரிடம் அல்லாமல், அந்தப் பதிவுகளை இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருக்கும் நிலவியலாளரிடம் இருக்க வேண்டும்.