நாடி மெதுவாகி, காலும் துவண்டால்

"ரெண்டு நாளா கால் துவளுது டாக்டர். உட்கார்ந்தா எழுந்திருக்க முடியல." அறுபதைத் தாண்டிய அம்மா. "வயசாயிடுச்சுல்ல" என்று மகனே காரணமும் சொல்லிவிட்டார். மணிக்கட்டைப் பிடித்தேன். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு நிமிடம் முழுக்க எண்ணினேன்: 38.

ஈசிஜி தாளில் டி அலைகள் கூடாரம் போலக் கூர்மையாக நின்றன. பி அலையைக் காணோம். ரத்தத்தில் 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டிய பொட்டாசியம் 7.2.

பல வருட சர்க்கரையும் பிபியும் அவருடைய சிறுநீரகத்தை ஏற்கெனவே கொஞ்சம் பாதித்திருந்தன. டெல்மிசார்ட்டான், அட்டெனலால் என்ற இரண்டு பிபி மாத்திரைகளும் எடுத்துக்கொண்டிருந்தார். முந்தின வாரம் வயிற்றுப்போக்கு. சோறு இறங்காததால் தினமும் மூன்று நான்கு இளநீர். மாத்திரையை மட்டும் ஒருவேளை கூட விடவில்லை. உடம்பில் நீர் வற்றியதும் சிறுநீரகம் சுணங்கியது. டெல்மிசார்ட்டான் பொட்டாசியம் வெளியேறுவதைக் குறைக்கும். இளநீரோ மேலும் மேலும் சேர்க்கும். சிறுநீரில் வெளியேற வேண்டிய அட்டெனலாலும் உள்ளேயே தங்கிவிட்டது. ஏறிய பொட்டாசியமும் தங்கிய அட்டெனலாலும் சேர்ந்து இதயத்தை மெதுவாக்க, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் இன்னும் குறைந்தது.

இதயத் தசையும் கால் தசையும் இயங்குவது செல்லுக்கு உள்ளேயும் வெளியேயும் உள்ள மின் வேறுபாட்டால்தான். வெளியே பொட்டாசியம் ஏறினால் இரண்டும் தளரும். அதனால்தான் இந்த இரண்டு அறிகுறியும் சேர்ந்து வந்தால் எனக்குப் பதற்றம் வரும்; இதயம் அப்படியே நின்றுபோகலாம்.

மானிட்டரைப் பார்த்தபடியே கால்சியம் குளுக்கோனேட் ஏற்றினோம். அது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்தைக் காக்கும். அப்புறம் குளுக்கோஸோடு இன்சுலின், பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ள. டயாலிசிஸ் வரை போகவில்லை. மறுநாள் காலை யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நின்றார்.

இளநீர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்கள் தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் சிறுநீரகப் பாதிப்போடு இந்த வகை மாத்திரைகளும் எடுப்பவர்கள் இளநீர், 'குறைந்த சோடியம்' உப்பு (அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும்), கடையில் தானே வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை பற்றியெல்லாம் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மெதுவான நாடி, தளர்ச்சி என்ற இதே ஜோடி மாதக்கணக்கில் மெல்ல வந்தால் முதலில் தைராய்டு குறைபாட்டை நினைப்பேன். படியேறத் தொடை ஒத்துழைக்காது, கொடியில் துணி போடக் கை தூக்கினால் அசதி, மலச்சிக்கல், குரல் கரகரப்பு. டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். பிடித்த கையை உடனே விரிக்க முடியாமல் போய், குடும்பத்தில் வேறு யாருக்காவது அப்படி இருந்தால், அது பரம்பரைத் தசைநோயாக இருக்கலாம்; அதற்கும் ஈசிஜி அவசியம்.

தூக்கத்தில் வாட்ச் 50 காட்டுகிறதே என்று பயப்படும் இளைஞர்களே, மயக்கம், தளர்ச்சி இல்லாமல் மூச்சு வாங்காமல் படியேறுகிறீர்கள் என்றால் பெரும்பாலும் கவலை வேண்டாம். ஆனால் நாடி 50-க்குக் கீழே போய், புதிதாகத் தளர்ச்சியும் வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஈசிஜி, பொட்டாசியம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

போன மாதம் அந்த அம்மாவுக்கு மறுபடி வயிற்றுப்போக்கு. காலை ஏழு மணிக்கே மகன் போன் செய்தார்: "டாக்டர், இன்னைக்கு அந்த பிபி மாத்திரையைக் குடுக்கலாமா, வேண்டாமா?"