தோற்கிற அணியைக் கலைத்துவிட்டால் தோல்வி எங்கே போகும்?

2001 நவம்பர் 4-ஆம் தேதி பேஸ்பாலின் சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரிஸ் முடிந்தது. ஏழாவது ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் அரிசோனா நியூயார்க் யாங்கீஸைக் கவிழ்த்திருந்தது, அமெரிக்காவே அந்தப் பேச்சில் இருந்தது. இரண்டே நாள் கழித்து, அமெரிக்கா, கனடாவின் உச்ச லீக்கான மேஜர் லீக் பேஸ்பாலின் 30 அணி முதலாளிகளும் கூடி, 28-க்கு 2 என்று ஓட்டுப்போட்டு, இரண்டு அணிகளை இழுத்து மூடிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். எந்த இரண்டு என்று அறிவிக்கவில்லை. ஆனால் ஊருக்கே தெரியும்: கனடாவின் மான்ட்ரியால் எக்ஸ்போஸும் மினசோட்டா ட்வின்ஸும்.

ஓடாத கடையை மூடுவதில் என்ன தப்பு என்று கேட்கத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் லீக் என்பது கடைத்தெரு மாதிரி வேலை செய்வதில்லை. கடைத்தெருவில் பக்கத்துக் கடை மூடினால் எனக்கு லாபம். பேஸ்பாலில் எதிரணி வராவிட்டால் நான் விற்பதற்குச் சரக்கே கிடையாது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 30 அணி, ஆளுக்கு 162 ஆட்டம் என்றால் ஒரு சீசனில் மொத்தம் 2,430 ஆட்டம். அதாவது 2,430 வெற்றி, 2,430 தோல்வி, ஒன்று கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. கடைசி இரண்டு அணிகளைத் தூக்கிவிட்டால் 28 அணி, 2,268 ஆட்டம், அதே அளவு தோல்வி. அவர்கள் சுமந்த தோல்விகளை இனி மேலே இருந்தவர்கள்தான் சுமக்க வேண்டும், அடுத்த வருடம் புதிதாக இரண்டு 'மோசமான' அணிகள் முளைத்திருக்கும். வகுப்பில் கடைசி ரேங்க் வாங்கிய பையனை வெளியே அனுப்பினால் கடைசி ரேங்க் ஒழிந்துவிடுமா என்ன?

அதோடு, களத்தில் தோற்பது வேறு, கல்லாவில் தோற்பது வேறு. 2011 முதல் 2013 வரை ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் வரிசையாக 106, 107, 111 ஆட்டம் தோற்றது. 2017-இல் அதே அணி வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தது. (எதிரணியின் சைகைகளைத் திருடிய விவகாரம் பிறகு வெளியே வந்து மானம் போனது, அது தனிக்கதை.) தோற்ற அணிக்குத்தான் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் முதல் இடங்கள் கிடைக்க அதிக வாய்ப்பு, அதனால் களத்தில் சரிந்தவர்கள் மீண்டு வர வழி இருக்கிறது. 2024-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 தோல்வியோடு நவீன காலத்தின் மோசமான சாதனையைப் படைத்தது. யாராவது அதைக் கலைத்துவிடச் சொன்னார்களா? மாட்டார்கள், அது சிகாகோ.

மேஜர் லீக்கில் தேசிய டிவி ஒப்பந்தங்களின் பணம் எல்லா அணிக்கும் சமமாகப் போகிறது. டிக்கெட், உள்ளூர் டிவி, மைதானத்து விளம்பரம் எல்லாம் உள்ளூர் வருமானம், இங்கேதான் நியூயார்க்குக்கும் மில்வாக்கிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் வருகிறது. ஒரு நல்ல பிட்ச்சர் (பந்து வீசுபவர்) வந்து அணிக்கு ஐந்து வெற்றி கூடுதலாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அந்த ஐந்து வெற்றியால் வருகிற கூடுதல் பணம் பெரிய ஊரில் பெரிதாகவும் சின்ன ஊரில் சின்னதாகவும் இருக்கும், ஆகவே அந்தப் பிட்ச்சர் எங்கே தொடங்கினாலும் கடைசியில் பெரிய ஊர்ப்பக்கம்தான் நகர்வார். 1956-லேயே சைமன் ராட்டன்பர்க் என்ற பொருளாதார அறிஞர் இதைச் சொல்லிவிட்டார்: வீரரை அணியோடு கட்டிப்போடும் விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் திறமை எங்கே அதிக மதிப்போ அங்கே போய்ச் சேரும், அந்த விதி மாற்றுவதெல்லாம் பணம் யார் பையில் விழுகிறது என்பதைத்தான்.

அப்படியானால் பெரிய அணிகளிடம் வாங்கிச் சின்ன அணிகளுக்குக் கொடுத்தால்? கொடுக்கத்தான் செய்கிறார்கள். இன்றைய விதிப்படி உள்ளூர் வருமானத்தில் கிட்டத்தட்ட பாதி பொதுப் பானையில் விழுந்து சமமாகப் பிரிகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சின்ன அணியின் முதலாளி கோணத்தில் பாருங்கள். ஜெயித்துக் கூட்டம் சேர்த்தால் வருகிற ஒவ்வொரு டாலரிலும் பாதி பானைக்குப் போகிறது, தோற்றுக்கொண்டே இருந்தாலும் பானையில் இருந்து பங்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. எந்த முதலாளிக்கு ஜெயிக்க அவசரம் வரும்? இங்கிலாந்துக் கால்பந்தில் பிரீமியர் லீக்கின் கடைசி மூன்று அணிகள் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும், அந்தப் பயமே முதலாளிகளை ஓட வைக்கிறது. பேஸ்பாலில் கீழே விழ வழியே கிடையாது. நம் ஐபிஎல்லும் இந்த விஷயத்தில் அமெரிக்க மாதிரிதான்: எத்தனை தோற்றாலும் அணி அங்கேயே இருக்கும், ஆனால் கொச்சி அணியைப் போல வங்கி உத்தரவாதத் தகராறில் ஒரே சீசனோடு காணாமல் போகலாம்.

கூட்டம் வராத அணி வேறு ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதானே என்றால், அங்கே குறுக்கே நிற்பது எல்லை உரிமை. ஒவ்வொரு அணிக்கும் தன் ஊரைச் சுற்றி ஒரு பகுதி எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, அதற்குள் வேறு அணி வரக்கூடாது, இடம் மாற முக்கால்வாசி முதலாளிகளின் ஓட்டும் வேண்டும். வேறு தொழிலில் இப்படி ஊரைப் பங்கு போட்டுக்கொண்டால் போட்டிச் சட்டத்தின் கீழ் கோர்ட்டுக்கு இழுத்துவிடுவார்கள். பேஸ்பாலுக்கு மட்டும் விலக்கு, அதுவும் 1922-இல் இருந்து.

அந்த விலக்கு வந்ததே ஒரு கைவிடப்பட்ட அணியால்தான். ஃபெடரல் லீக் என்ற போட்டி லீக் 1915 முடிவில் படுத்தபோது, பெரிய லீக்குகள் அதன் முதலாளிகள் பலருக்கும் ஏதோ கொடுத்துச் சமாதானம் செய்தன. பால்டிமோர் அணி மட்டும் ஏற்கும்படி எதுவும் கிடைக்காமல் வழக்கு போட்டது. உச்ச நீதிமன்றம், பேஸ்பால் ஆட்டம் நடப்பது ஓர் ஊரில், வீரர்கள் மாநிலம் விட்டு மாநிலம் ரயிலேறுவது வெறும் துணைக் காரியம், ஆகவே இது மாநிலங்களுக்கிடையிலான வணிகமே இல்லை என்று சொல்லிவிட்டது! டிவி வந்து, விமானம் வந்து, கோடிகள் வந்த பிறகும் 1953-லும் 1972-லும் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தொடவில்லை.

இந்த ஏற்பாட்டின் பலன் என்னவென்றால், அணி வேண்டும் என்று காத்திருக்கும் ஊர்கள் எப்போதும் அணிகளைவிட அதிகமாக இருக்கும். காலியாகக் காத்திருக்கும் ஊர் முதலாளிக்குப் பொன்முட்டை. 1988-இல் ஒயிட் சாக்ஸ் ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கைக் காட்டி மிரட்டியது, இல்லினாய் சட்டமன்றம் நள்ளிரவுக் கெடு தாண்டியும் கடிகாரத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு புது ஸ்டேடியத்துக்குப் பணம் ஒதுக்கியது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பாவம், 1990-இல் கூரை போட்ட ஸ்டேடியத்தைக் கட்டித் திறந்துவிட்டு 1998 வரை சொந்த அணிக்காகக் காத்திருந்தது. கடைசியில் வந்த ரேஸ் அணிக்கு அந்த ஸ்டேடியம் இருந்த இடமே பிடிக்கவில்லை, மக்கள் அதிகம் இருப்பது பாலம் தாண்டி டாம்பா பக்கம்.

மான்ட்ரியாலுக்கு வருகிறேன். 2001-இல் அங்கே ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 8,000 பேர்கூட வரவில்லை. 'பிரெஞ்சு பேசும் ஊர், ஹாக்கி ஊர், பேஸ்பால் ஒட்டாது' என்பார்கள். ஆனால் 1994 ஆகஸ்டில் வீரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, 74 வெற்றி 40 தோல்வியோடு மொத்த பேஸ்பாலிலும் முதலிடத்தில் இருந்தது எக்ஸ்போஸ்தான். சீசன் ரத்தானது, வேர்ல்ட் சீரிஸும் ரத்து. அடுத்த சீசனுக்குள் லாரி வாக்கர், மார்க்கிஸ் கிரிஸம் என்று நட்சத்திரங்களைக் கைகழுவினார்கள். ஆடிய ஸ்டேடியம் 1976 ஒலிம்பிக்குக்குக் கட்டிய கான்கிரீட் பூதம், 1991-இல் அதில் 55 டன் உத்தரம் ஒன்று விழுந்து மீதி ஆட்டங்களை வெளியூரில் ஆட வேண்டியிருந்தது. 2000 சீசனில் ஆங்கிலத்தில் டிவியும் கிடையாது, ரேடியோவும் கிடையாது. நல்ல வீரரை எல்லாம் விற்று, ஆட்டத்தைக் கேட்க முடியாமலும் செய்துவிட்டு, ரசிகன் வரவில்லை என்று ஊரைக் குற்றம் சொன்னால் எப்படி?

மூடும் திட்டம் இன்னும் மோசமாக வேலை செய்தது. 2002-இல் லீக்கே 12 கோடி டாலருக்கு எக்ஸ்போஸை வாங்கியது, அதாவது மற்ற 29 அணிகள் சேர்ந்து தங்கள் எதிரணிக்கு முதலாளி ஆனார்கள். அடுத்த வருடம் அணியே இருக்காது என்ற நினைப்பில் நிர்வாகம் கிளிஃப் லீ, கிரேடி சைஸ்மோர், பிராண்டன் பிலிப்ஸ் என்ற மூன்று இளம் வீரர்களைக் கொடுத்து பார்ட்டோலோ கோலோன் என்ற பிட்ச்சரை வாங்கியது. மூவரும் பிறகு லீக்கின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார்கள். 2003 செப்டம்பரில் அணி பிளேஆஃப் வாய்ப்பின் விளிம்பில் இருந்தபோது, சிறிய லீக்கில் இருந்து கூடுதல் வீரர்களை மேலே அழைக்கச் செலவாகும் என்று லீக் மறுத்துவிட்டது. அந்த வருடமும் அடுத்த வருடமும் 'சொந்த ஊர்' ஆட்டங்களில் இருபதுக்கு மேல் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் ஆட வைத்தார்கள்.

மினசோட்டா தப்பித்ததற்குக் காரணம் ஒரு வாடகை ஒப்பந்தம். 2002-இல் ட்வின்ஸ் தன் வாடகை ஸ்டேடியமான மெட்ரோடோமில் ஆடியே தீர வேண்டும் என்று உள்ளூர் நீதிபதி உத்தரவு போட்டார், அதற்குள் வேலைகளை இழக்கப்போகும் வீரர்கள் சங்கமும் சண்டைக்கு வந்தது, ஆகஸ்டில் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் 2006 வரை மூடும் பேச்சே கூடாது என்று எழுதினார்கள். கலைக்கப்பட இருந்த அந்த ட்வின்ஸ் அதே 2002-இல் தன் பிரிவில் முதலிடம் வந்தது. 2010-இல் ஹென்னபின் கவுண்டி மக்களின் 0.15 சதவீத விற்பனை வரியில் புது ஸ்டேடியமும் கிடைத்தது. மூடுவது முழு மனதோடு போட்ட திட்டமா, ஸ்டேடியத்துக்கான மிரட்டலா என்று அமெரிக்கர்கள் பல காலம் வாதாடினார்கள். எனக்கென்னவோ இரண்டும்தான்.

சரி, கலைக்காமல் இடம் மாற்றினால்? முதலில் தேன்நிலவு இருக்கும். பிரேவ்ஸ் 1952-இல் பாஸ்டனில் இருந்தபோது வந்த கூட்டம் 2.8 லட்சம், 1953-இல் மில்வாக்கிக்குப் போனதும் 18 லட்சம். பன்னிரண்டு வருடத்தில் அது ஐந்தரை லட்சமாகச் சுருங்க, அட்லாண்டாவுக்குப் புறப்பட்டார்கள். அந்த மில்வாக்கிக்கு 1970-இல் திவாலான சியாட்டில் அணியை வாங்கிக்கொண்டு வந்தவர் ஒரு கார் வியாபாரி, பெயர் பட் செலிக். 2001-இல் இரண்டு அணிகளை மூடக் கிளம்பிய, லீக்கின் தலைவரான கமிஷனரும் சாட்சாத் அவரேதான்!

1953-இல் இருந்து அணி விட்டுப்போன ஊர்களின் பட்டியலைப் பாருங்கள்: பாஸ்டன், செயின்ட் லூயிஸ், பிலடெல்ஃபியா, நியூயார்க், மில்வாக்கி, கன்சாஸ் சிட்டி, சியாட்டில், இரண்டு முறை வாஷிங்டன், அப்புறம் மான்ட்ரியால், ஓக்லண்ட். கடைசி இரண்டைத் தவிர எல்லா ஊரிலும் இன்று மேஜர் லீக் பேஸ்பால் இருக்கிறது. இரண்டு முறை 'தேறாது' என்று முத்திரை குத்தப்பட்ட வாஷிங்டனுக்கு 2005-இல் எக்ஸ்போஸ் போனது, முதல் வருடமே 27 லட்சம் பேர் வந்தார்கள், 12 கோடிக்கு வாங்கிய அணியை லீக் 45 கோடி டாலருக்கு விற்றது, 2019-இல் அந்த அணி வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தது. ஊர் தேறாது என்ற தீர்ப்பு இவ்வளவு முறை தப்பாகியிருக்கிறதென்றால், கோளாறை முதலாளியிடமும் ஸ்டேடியத்திடமும் தேடிவிட்டுத்தான் ஊருக்கு வர வேண்டும்.

என்னைக் கேட்டால் மூன்றாவது வழி ஒன்று உண்டு: தடுமாறும் அணியை நியூயார்க்குக்கே அனுப்புவது. 1957 வரை அங்கே மூன்று அணிகள் இருந்தன. இன்று இரண்டுதான். மூன்றாவதாக ஒன்று போனால் யாங்கீஸின் பணபலம் பங்குபோகும், சின்ன ஊர்களுக்கும் மூச்சு கிடைக்கும். நடக்காது, எல்லை உரிமை யாங்கீஸிடமும் மெட்ஸிடமும் இருக்கிறது.

ஓக்லண்டின் அத்லெடிக்ஸ் அணிக்கும் இதே சுவர்தான். பக்கத்தில் இருந்த சான் ஹோசேக்குப் போக அந்த அணி ஆசைப்பட்டது. ஆனால் அந்தப் பகுதியை அணியின் பழைய முதலாளி ஒரு காலத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு இலவசமாக விட்டுக்கொடுத்திருந்தார், ஜயன்ட்ஸ் திருப்பித் தரவில்லை, சான் ஹோசே நகரம் போட்ட வழக்கும் அந்த 1922 விலக்கில் மோதி விழுந்தது. 2023-இல் நெவாடா மாநிலம் 38 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொள்ள, முதலாளிகள் ஏகமனதாக லாஸ் வேகஸுக்கு வழிவிட்டார்கள், விட்டுவந்த டிவி சந்தையைவிடப் பல மடங்கு சிறிய சந்தை அது. 2024 செப்டம்பர் 26-ஆம் தேதி ஓக்லண்டில் நடந்த கடைசி ஆட்டத்துக்கு 46,889 பேர் வந்திருந்தார்கள். வேகஸ் ஸ்டேடியம் 2028-க்குத்தான் என்பதால், 2025-இல் இருந்து அந்த அணி சாக்ரமென்டோவில் சுமார் 14,000 பேர் கொள்ளும் சிறிய லீக் மைதானத்தில் ஆடுகிறது, பெயருக்கு முன்னால் எந்த ஊரும் போடாமல்.