வீட்டுக்கு வரும் வெளிச்சம் எவ்வளவு?

பைபர் நெட் இணைப்பு வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது இரண்டே கேள்விகள்: வேகம் எத்தனை எம்பிபிஎஸ் (நொடிக்கு எத்தனை மெகாபிட்), மாதம் எவ்வளவு? நானும் அப்படித்தான் கேட்டு வாங்கினேன். ஐப்பசி மழை தொடங்கிய வாரமே மோடத்தில் சிவப்பு லைட் எரிந்தது. மூன்றாம் நாள் வந்த லைன்மேன், பையிலிருந்து ஒரு சின்ன பவர் மீட்டரை எடுத்து, கேபிளின் பச்சை முனையை அதில் செருகினார். திரையில் −28 என்று வந்தது. "லைட்டே வரல சார்" என்றார். அந்த எண் என்ன என்று தேடிப் போனபோதுதான், நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் வேறு என்று தெரிந்தது.

நம் ஊர் வீட்டு பைபரில் பெரும்பாலும் ஓடுவது ஜிபான் என்ற தொழில்நுட்பம். நிறுவனத்தின் அறையில் ஓஎல்டி என்ற பெட்டி இருக்கும். அதன் ஒவ்வொரு போர்ட்டிலிருந்தும் ஒரே ஒரு கண்ணாடி இழை கிளம்புகிறது. வீடுகளை நோக்கி 1490 நானோமீட்டர் அலைநீள ஒளியில் நொடிக்கு சுமார் 2.5 ஜிகாபிட் தகவல் வருகிறது. வீடுகளிலிருந்து 1310 நானோமீட்டரில் சுமார் 1.25 ஜிகாபிட் திரும்பிப் போகிறது. அலைநீளம் வேறு என்பதால் ஒரே இழையில் இரண்டும் மோதாமல் ஓடுகின்றன.

அந்த இழை தெருவுக்கு வந்ததும் ஸ்பிளிட்டர் என்ற சிறு கண்ணாடிச் சாதனத்தில் கிளை பிரிகிறது. அதற்கு மின்சாரமே தேவையில்லை. பொதுவாக 32 வீடுகள், சில இடங்களில் 64. உங்களுக்கு வரும் தகவல் பக்கத்து வீட்டு மோடத்துக்கும் சேர்ந்தேதான் போகிறது. ஒவ்வொரு மோடமும் தனக்கு உரியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். மற்றவர்களுடையதைப் படித்துவிடக் கூடாது என்பதற்காக அது மறையாக்கம் செய்யப்படுகிறது.

இப்போது ஒரு கணக்கு. 2.5 ஜிகாபிட்டை 32 ஆல் வகுத்தால் ஒரு வீட்டுக்கு சுமார் 78 எம்பிபிஎஸ்தான் வரும். ஆனால் அந்த 32 வீட்டுக்கும் 100, 200 என்று பிளான் விற்கிறார்கள். இதை ஏமாற்று வேலை என்று நினைத்துவிட வேண்டாம். 500 பேருக்குப் பத்திரிகை வைத்துவிட்டு, 100 பேர் உட்காரும் பந்தி போடுகிற கல்யாண வீட்டுக் கணக்குதான் இது. எல்லோரும் ஒரே நேரத்தில் இலைக்கு வருவதில்லை. சிக்கல் இரவு 9 மணிக்கு, எல்லோரும் சேர்ந்து வரும்போது. அப்போதும் தெருவிலுள்ள இழையைவிட, ஓஎல்டியிலிருந்து வெளி உலகத்துக்குப் போகும் இணைப்புதான் அடிக்கடி திணறும். அதில் எவ்வளவு பணம் போட்டிருக்கிறார்கள் என்பதில்தான் ஒரே 100 எம்பிபிஎஸ் பிளான் ஒரு நிறுவனத்தில் பறக்கிறது, இன்னொன்றில் மாலையானால் தவழ்கிறது.

சரி, அந்த −28? அது ஒளியின் பலத்தைச் சொல்லும் டிபிஎம் அளவு. பூஜ்யம் என்றால் ஒரு மில்லிவாட். ஒவ்வொரு 10 இறங்கும்போதும் பலம் பத்தில் ஒன்றாகக் குறையும். ஓஎல்டியிலிருந்து +3 அளவில் கிளம்பும் ஒளி, 32 கிளையாகப் பிரியும்போது மட்டும் அந்த அளவில் சுமார் 17 படி (டெசிபல்) இழக்கிறது. ஐந்து கிலோமீட்டர் இழை, நடுவே வரும் இணைப்புகள் எல்லாம் சேர்ந்து இன்னொரு மூன்று. ஆக வீட்டுக்கு வரும்போது −17, அதாவது மில்லிவாட்டில் ஐம்பதில் ஒரு பங்கு. இந்தத் துளி வெளிச்சத்தில்தான் மொத்த வீடும் படம் பார்க்கிறது என்பது எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான். சாதாரண வீட்டு மோடத்துக்கு −27 வரை போதும். அதற்குக் கீழே போனால் தடுமாறும், அப்புறம் சிவப்பு லைட்தான்.

எங்கள் வீட்டில் மொட்டை மாடிச் சுவரில் கேபிள் மடங்கிக் கிடந்தது, அதன்மேல் தென்னை மட்டை வேறு விழுந்திருந்தது. இழையின் உட்சுவரில் சாய்வாகப் பட்டு முழுமையாக எதிரொளித்துக்கொண்டே போவதால்தான் ஒளி வெளியேறாமல் வருகிறது. வளைவு கூர்மையானால் அந்தக் கோணம் கெட்டு ஒளி கசிந்துவிடும். லைன்மேன் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டினார். மீட்டர் −19 காட்டியது. அதனால் இணைப்பு கொடுக்கிற அன்றே அந்த எண்ணைக் கேட்டுக் குறித்து வையுங்கள். −25, −26 என்று இருந்தால், அடுத்த மழையைத் தாங்க அதில் இடம் இல்லை.

கரண்ட் போகிற விஷயத்தையும் கேட்க வேண்டும். தெருவில் மின்சாரம் தேவையில்லை என்பதால், மோடத்துக்கு ஒரு 12 வோல்ட் சிறு யுபிஎஸ் வைத்தால் நெட் ஓட வேண்டும். ஓஎல்டி இருக்கும் அறையில் பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதுதான் மிச்சக் கேள்வி. ஆனால் சில அடுக்குமாடிகளில் பைபர் கீழ்த்தளத்தோடு நின்றுவிடும், மேலே வருவது சாதாரண ஈதர்நெட் கேபிள். அங்கே நடுவில் நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் சுவிட்ச் பெட்டிக்குக் கரண்ட் போனால் உங்கள் யுபிஎஸ் பயன்படாது.

கேம் விளையாடுபவர்களுக்கு எம்பிபிஎஸ்ஸைவிட பிங், அதாவது தகவல் கேம் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், முக்கியம். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சர்வர் சிங்கப்பூரில் இருந்தால், சென்னையிலிருந்து அங்கே போகும் கடலடி கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். போய்வர 32 மில்லிசெகண்ட். எந்தப் பிளானாலும் இதைக் குறைக்க முடியாது. சுற்றுவழியில் அனுப்பும் நிறுவனத்தில் இன்னும் கூடத்தான் செய்யும்.

விலையில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். விளம்பரத்தில் 499 என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 589 ரூபாய். 'அன்லிமிடெட்' என்ற பிளான்கள் பலவற்றில் மாதம் 3300 ஜிபிக்கு மேல் வேகம் குறைந்துவிடும். 100 எம்பிபிஎஸ்ஸில் நிறுத்தாமல் இறக்கினால் அது மூன்று நாளில் தீரும், ஆனால் சாதாரணக் குடும்பம் அவ்வளவு தொடாது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாகக் கட்டினால் மலிவுதான். ஆனால் ஒரு மழைக்காலம் பார்க்காமல் நான் கட்ட மாட்டேன்.

ஒரே நிறுவனம் ஒரு தெருவில் நன்றாக இருக்கும், இரண்டு தெரு தள்ளி மோசமாக இருக்கும். பல நிறுவனங்கள் கடைசி ஒரு கிலோமீட்டரை உள்ளூர் கேபிள்காரர்களிடம் விட்டிருப்பதும் இதற்கு ஒரு காரணம். ஆகவே எதிர்வீட்டில் அதே இணைப்பு இருந்தால், இரவு 9 மணிக்குப் போய் ஒரு தடவை வேகத்தையும் பிங்கையும் சோதித்துப் பாருங்கள். போன மழையில் எத்தனை நாள் நெட் இல்லை, லைன்மேன் எப்போது வந்தார் என்று அவர்களிடமே கேளுங்கள்.